ஒன்பதாம் எண் சாட்டை

இருநூற்று ஐம்பத்தைந்து முடிச்சுகள். ஒறுத்தல் சபையில் பதினேழு பேர், ஆளுக்கொரு சாட்டை, சாட்டைக்கு ஐந்து பிரி, பிரிக்கு மூன்று முடிச்சு. தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் அத்தனையையும் ஒரே ஒருத்தியின் விரல்கள் போட்டு முடிக்கும். இருபத்தாறு வருடமாக இப்படித்தான். அவளுக்கு வயது ஐம்பத்தொன்று. வளாகத்தில் எல்லோருக்கும் அவள் முடிச்சக்கா. கட்டைவிரல் நுனியில் ரேகை தேய்ந்துவிட்டது. அடையாள அட்டைக்கு விரல் வைத்தபோது இயந்திரம் நான்கு முறை மறுத்தது. "உங்க மிஷினுக்கு என்னைப் பிடிக்கல போல, விடுங்க தம்பி" என்று எழுந்து வந்துவிட்டாள்.

தேவாலயத்தின் பின்சுவரை ஒட்டி இரண்டு அறைகள். ஒன்றில் மெழுகுவர்த்தி வார்க்கிறார்கள். மற்றது கயிற்று அறை: நீளமாக, ரயில் பெட்டி மாதிரி. ஒரு முனைச் சுவரில் மூன்று கொக்கிகள், மறுமுனையில் கையால் சுற்றும் சக்கரம். மணிக் கயிறு, திரைக் கயிறு, பூசைக்கு முன் குருவானவர் இடுப்பில் கட்டும் வெள்ளைக் கயிறு, எல்லாம் இங்கேதான் முறுக்கப்படுகின்றன. வருடத்துக்கு ஒரு முறை சாட்டை.

சபையின் வழக்கம் இது. தவக்காலத்தில் ஐந்து வெள்ளிக்கிழமைகள், பிற்பகல் மூன்று மணிக்கு, கயிற்று அறையை ஒட்டிய சிற்றாலயத்தின் ஜன்னல்களைச் சாத்திவிட்டு, முகம் மூடிய அங்கியோடு நிற்பார்கள். முதுகுத் துணியை விலக்கிக்கொண்டு, மன்றாட்டுச் செபம் ஒரு முறை சொல்லி முடியும் வரை தோளுக்கு மேலாகத் தங்களைத் தாங்களே அடித்துக்கொள்வார்கள். கிறிஸ்து பட்ட அடியில் ஒரு துளி பங்கு. தாங்கள் செய்த பாவத்துக்குப் பரிகாரம். யார் யார் சபையில் இருக்கிறார்கள் என்பது வெளியே தெரிந்துவிடும், அதை மறைக்க முடியாது. யாருக்கு எந்தச் சாட்டை என்பது மட்டும் சபைச் செயலரைத் தவிர யாருக்கும் தெரியாது. பிடியில் எண் மட்டும் சுட்டிருக்கும்.

இன்னொரு விதியும் உண்டு. அடிக்கிற முடிச்சைப் பிறர் போட வேண்டும். மணிக்கட்டில் மாட்டும் வளையத்தின் முடிச்சை அவரவரே போட்டுக்கொள்ள வேண்டும். வலி அடுத்தவர் கையிலிருந்து வரட்டும், அதைப் பிடிப்பது நம் விருப்பமாக இருக்கட்டும் என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். ஒவ்வொரு வெள்ளிக்கும் பிறகு பதினேழும் சாக்குப்பையில் கட்டிக் கயிற்று அறைக்கு வரும். நைந்த பிரியை மாற்றி, கழுவிக் காயவைத்து, அடுத்த வெள்ளி காலையில் அவள் திருப்பிக் கொடுப்பாள்.

இந்த விதிதான் ஒருவரைக் காட்டிக்கொடுத்தது.

பத்தொன்பது வருடங்களுக்கு முன்பு, ஊரின் சாயப்பட்டறையில் கொதிகலன் வெடித்தது. இரண்டு பேர் செத்தார்கள். ஒருவன் கொதிகலனைக் கவனித்துக்கொண்டிருந்த முடிச்சக்காவின் தம்பி, வயது இருபத்தொன்பது. மற்றவர் துணி அலசும் பிரிவில் இருந்தவர். ஆவி அளவுக்கு மீறினால் தானாகத் திறந்து வெளியே விட வேண்டிய வால்வு திறக்கவில்லை. ஏனென்றால் அதன் நெம்புகோலைச் சணல் கயிற்றால் யாரோ இழுத்துக் கட்டியிருந்தார்கள். வால்வு திறந்தால் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் அன்றைய சாயம் அன்றைக்குள் முடியாது. வெடித்தபோது வால்வு கூரையைப் பிய்த்துக்கொண்டு போய் முற்றத்து மணலில் விழுந்தது. கயிறு அதிலேயே இருந்தது.

"அவன் குடிச்சிருந்தான். வால்வு சத்தம் போட்டா தூங்க முடியலன்னு அவனே கட்டிட்டான்" என்றார் பட்டறை சூப்பர்வைசர். விசாரணைக் காகிதத்தில் அப்படியே ஏறியது: கொதிகலன் காப்பாளரின் குடிபோதையும் கவனக்குறைவும்.

இருமல் மருந்து குடித்தாலே தலை சுற்றுகிறது என்று கட்டிலில் படுத்துவிடுகிற ஆள் அவன்.

விசாரணை நாளில் தொழிலாளர் அலுவலகத்தில் அந்த வால்வை மேஜைமேல் வைத்திருந்தார்கள். முடிச்சக்கா குனிந்து பார்த்தாள். இரண்டு சுற்று, அதன்மேல் நம்பிக்கையில்லாமல் மூன்றாவது சுற்று, மிச்சமிருந்த வாலை முடிச்சின் வயிற்றுக்குள் திணித்து இறுக்கியிருந்தது. வலக்கை முடிச்சு. தம்பி இடக்கைக்காரன், அவன் போடும் முடிச்சு எதிர்ப்பக்கம் சாயும்.

"சார், இது என் தம்பி போட்டதில்ல" என்றாள்.

அதிகாரி சிரித்தார். "ஏம்மா, முடிச்சு வந்து சாட்சி சொல்லுமா?"

"சொல்லும் சார். உங்க ஷூ லேஸே சொல்லுதே, காலையில அவசரமா கிளம்பியிருக்கீங்க. இடது கால்ல ஒரு சுத்து விட்டுப்போச்சு."

அறையில் இருந்தவர்கள் இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். அதோடு முடிந்தது. அதிகாரி மட்டும் வெளியே போகும்போது தன் இடது காலைக் குனிந்து பார்த்தார்.

தம்பியின் மனைவி கைக்குழந்தையோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள். செத்த மற்றவரின் மனைவி ஊரிலேயே ரொட்டிக்கடை வைத்தாள். கண்ணாடிக்குப் பின்னால் ரொட்டி அடுக்கடுக்காக இருந்தாலும், முடிச்சக்கா போய் நின்றால் "தீர்ந்துபோச்சு" என்பாள். பத்தொன்பது வருடமாக அதே ஒரு வார்த்தை. முடிச்சக்கா ரொட்டி சாப்பிடுவதையே விட்டுவிட்டாள். அந்தக் கைக்குழந்தை வளர்ந்து இந்த வருடம் வேலைக்கு விண்ணப்பித்தது. படிவத்தில் ஒரு கட்டம்: தந்தை இறந்த காரணம்.

"அத்தை, என்ன எழுதட்டும்?" என்று போனில் கேட்டாள்.

"கொலைன்னு எழுது."

"அத்தை!"

"சரி, இப்போதைக்கு காலியா விடு. நான் வாங்கித் தரேன்."

என்ன வாங்கித் தருவாள், எங்கே வாங்குவாள் என்று மருமகள் கேட்கவில்லை. முடிச்சக்கா சொன்னது அந்த விசாரணைக் காகிதத்தை. அதில் இருக்கும் குடிபோதை என்ற சொல் அழிய வேண்டும். அதைச் சொன்ன வாயே அழிக்க வேண்டும்.

சூப்பர்வைசர் ஓய்வு பெற்று ஒறுத்தல் சபையில் சேர்ந்தது ஐந்து வருடங்களுக்கு முன்பு. அந்தத் தவக்காலத்தின் முதல் வெள்ளி முடிந்து சாக்குப்பை வந்தது. அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் கொக்கியில் மாட்டினாள். ஒன்பதாம் எண்ணை எடுத்தவள் மாட்டவில்லை. வளையத்தில் இரண்டு சுற்று, மேலே மூன்றாவது, வால் வயிற்றுக்குள்.

அவள் அவசரப்படவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் புது மணிக்கயிற்றுச் சுருள் ஒன்றைத் தூக்கிக்கொண்டு தேவாலயப் படிக்குப் போனாள். சூப்பர்வைசர் அங்கே நின்று வருகிறவர் போகிறவரையெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, இந்தக் கட்டு அவிழ்ந்துபோச்சு. கையெல்லாம் வலி. கொஞ்சம் கட்டிக் குடுங்களேன்."

"கயிறு முறுக்கறவளுக்கு நான் கட்டித் தரணுமா? நல்லா இருக்கே!" என்று சிரித்துக்கொண்டே கட்டிக் கொடுத்தார். இரண்டு சுற்று, மூன்றாவது, வால் வயிற்றுக்குள்.

அந்தச் சுருளை அவள் அவிழ்க்கவே இல்லை. கயிற்று அறையின் மேல்தட்டில் அது அப்படியே இருக்கிறது. தேவாலய மணிக்கு வேறு கயிறு முறுக்கினாள்.

சுருளோடு தொழிலாளர் அலுவலகத்துக்கு இரண்டு முறை போனாள். "முடிச்சை வெச்சு கேஸா? வீட்டுக்குப் போங்கம்மா" என்றார் எழுத்தர். பங்குச் சாமியாரிடம் போனாள். "சில விஷயங்கள் எனக்குத் தெரிஞ்சாலும் தெரியாதும்மா" என்றார். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்ற கட்டுப்பாடு அவருக்கு. அந்தப் பதிலிலேயே எல்லாம் இருந்தது. ஆனால் அதை வைத்துக்கொண்டு அலுவலகத்தில் ஒன்றும் செய்ய முடியாது.

மிச்சமிருந்தது அவள் கை.

அடுத்த வருடம் ஒன்பதாம் எண்ணுக்குத் தனியாகச் சணல் தேர்ந்தெடுத்தாள். தண்டின் அடிப்பக்கத்துச் சொரசொரப்பான நார். உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, முறுக்கி, வெயிலில் விறைக்க வைத்து, முடிச்சுகளை ஈரத்தோடு இறுக்கினாள். காய்ந்தபின் ஒவ்வொரு முடிச்சும் கொட்டை மாதிரி இருந்தது. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கயிற்று அறையில் உட்கார்ந்து சுவரில் காதை வைத்தாள். பதினாறு சாட்டைகளின் ஓசை கலந்து கேட்டது. பதினேழாவது தனியாகக் கேட்டது. மறுநாள் சாக்கைப் பிரித்தபோது ஒன்பதாம் எண்ணின் பிரிகள் பழுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தன. அதைத் தொட்டியில் போட்டு, தண்ணீர் சிவப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நாலு வருடம் இப்படிச் செய்தாள். ஒவ்வொரு வருடமும் இன்னும் கடுமையாக.

ஆனால் ஒவ்வொரு உயிர்ப்பு ஞாயிறு காலையிலும் அந்த மனிதர் தோளை நிமிர்த்திக்கொண்டு, புதுச் சட்டை போட்டு, கன்னம் பளபளக்க வந்து நின்றார். "உடம்பு கிழிஞ்சாத்தான் உள்ளம் சுத்தமாகும்" என்று எல்லோரிடமும் சொன்னார். பக்கத்து அறை மெழுகுவர்த்திக்காரி அவரைப் பார்த்துவிட்டு முடிச்சக்காவின் விலாவில் இடித்தாள்.

"பாருக்கா, அடி வாங்கிட்டு வர்ற ஆளா இது? பொண்ணு பார்க்க வர்ற மாப்பிள்ளை மாதிரி இருக்காரு!"

அன்றுதான் முடிச்சக்காவுக்கு உறைத்தது. அவள் முறுக்கிக் கொடுத்தது தண்டனை இல்லை, மருந்து. ஒவ்வொரு அடிக்கும் அந்த ஆள் கொஞ்சம் லேசாகிறார். அடி முடிந்ததும் வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு உறங்குகிறார். தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமலேயே தம்பியின் பாரத்தை இறக்கி வைக்க அவளே நாலு வருடம் தோள் கொடுத்திருக்கிறாள்.

"உனக்கு வலியே கிடைக்கக் கூடாதுடா" என்று சக்கரத்தைப் பார்த்துச் சொன்னாள்.

இந்த வருடம் மெழுகுவர்த்திக்காரியிடம் ஒரு கை திரிநூல் கேட்டு வாங்கினாள். மெழுகுவர்த்திக்குள் வைக்கிற நூல். பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும். "எதுக்குக்கா?" என்றதற்கு "ஒரு நோயாளிக்கு" என்றாள். திரிநூலை உள்ளே வைத்து, மேலே ஒரு சுற்று மட்டும் மெல்லிய சணல் போர்த்தி, முடிச்சுகளை உள்ளே பொள்ளலாக விட்டாள். கையில் எடுத்தால் சந்தேகம் வரக் கூடாதே என்று கெட்டிக் கஞ்சியில் தோய்த்துக் காயவைத்தாள். பார்க்க மற்ற பதினாறைப் போலவே விறைப்பாக இருந்தது. ஒன்பது என்ற எண்ணைத் தடவிப் பார்த்துவிட்டுச் சாக்கில் போட்டாள்.

அவள் கணக்கு எளிமையானது. அடிப்பார், வலிக்காது. இன்னும் ஓங்கி அடிப்பார், வலிக்காது. பாரம் இறங்காது. தூக்கம் போகும், சோறு இறங்காது. ஏதோ ஒரு நாள் அவராகவே வாயைத் திறப்பார்.

கஞ்சியை மட்டும் அவள் யோசிக்கவில்லை. முதல் வெள்ளி கஞ்சி கெட்டியாக இருந்தது, ஓரளவு உறைத்திருக்கும். அவர் வேர்வையில் அது இளகியது. மற்றவற்றைப் போலக் கழுவிக் காயவைத்ததில் இன்னும் போனது. மறுபடியும் கஞ்சி போட அவளுக்குத் தோன்றவில்லை. வலி குறைந்தால் நல்லதுதானே என்று விட்டுவிட்டாள். இரண்டாம் வெள்ளி பாதி வலி. மூன்றாம் வெள்ளி ஒன்றுமே இல்லை. வாரத்துக்கு வாரம் ஒரே அளவாகக் குறைகிற வலியை, முகம் மூடி இருட்டில் நின்று செபம் சொல்கிற ஒரு மனிதர் எப்படி எடுத்துக்கொள்வார்?

மூன்றாம் வெள்ளி, சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஆண் ஓவென்று அழும் சத்தம் கேட்டது. முடிச்சக்கா சந்தோஷப்பட்டாள். விழுந்துவிட்டான் என்று நினைத்தாள்.

மறுநாள் காலை மெழுகுவர்த்திக்காரி ஓடிவந்தாள். "அக்கா, விஷயம் தெரியுமா? சூப்பர்வைசருக்கு அற்புதம் நடந்திருக்காம்! அடிச்சா வலிக்கலையாம். பாவமெல்லாம் மன்னிச்சாச்சுன்னு ஆண்டவரே தோள்ல கை வெச்சாராம். காலையிலேருந்து ஒரு நூறு மெழுகுவர்த்தி போயிடுச்சு, எனக்குக் கை ஒழியல!"

முடிச்சக்காவின் கையிலிருந்த பிரி அவிழ்ந்து சுருண்டது.

நான்காம் வெள்ளிக்குள் விஷயம் பெரிதாகிவிட்டது. வீட்டு வாசலில் ஆட்கள் நின்று அவர் கையைத் தொட்டார்கள். காய்ச்சல்காரக் குழந்தைகளைத் தூக்கிவந்தார்கள். அடுத்த ஞாயிறு பூசை முடிவில் அவர் எழுந்து தனக்கு நடந்ததைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும் என்று சபைக்காரர்கள் கேட்டார்கள். அவரும் ஒப்புக்கொண்டார்.

சனிக்கிழமை காலை பத்து மணி சுமாருக்குக் கயிற்று அறை வாசலில் நிழல் விழுந்தது. கையில் ஒரு பெரிய மெழுகுவர்த்தியோடு சூப்பர்வைசர் நின்றார்.

"இருக்கியாம்மா?"

"இருக்கேன் ஐயா. உள்ள வாங்க. நாற்காலி இல்ல, சணல் மூட்டை மேல உட்காருங்க."

அவர் உட்காரவில்லை. முகம் கழுவித் துடைத்த கண்ணாடி மாதிரி இருந்தது.

"கேள்விப்பட்டிருப்பே."

"கோயில் பூரா அதானே பேச்சு."

"என்னத்தைச் சொல்ல! எத்தனையோ வருஷத்துப் பாரம்மா. கையை ஓங்கி அடிக்கிறேன், பூ விழுந்த மாதிரி இருக்கு. போதும் மகனே, நிறுத்துன்னு யாரோ சொன்ன மாதிரி." கண் கலங்கியது. "அந்த சந்தோஷத்துல எல்லாரையும் நினைச்சேன். உன் தம்பியையும் நினைச்சேன். அவன் செஞ்ச தப்புக்காக நானே மன்றாடினேன். அவனையும் ஆண்டவர் மன்னிச்சிருப்பாரு. நானும் மனசார மன்னிச்சுட்டேன். இந்தா, இதைக் கல்லறையில ஏத்தி வை."

மெழுகுவர்த்தியை நீட்டினார்.

முடிச்சக்கா சக்கரத்தை நிறுத்தினாள். அது நிற்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. மெழுகுவர்த்தியை இரண்டு கையாலும் வாங்கி மேஜைமேல் வைத்தாள். பிறகு கொக்கியிலிருந்து ஒரு சாட்டையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். பிடியில் ஒன்பது.

அவர் முகம் மாறியது. "இது யாரோடதுன்னு உனக்கு எப்படித் தெரியும்? யாருக்கும் தெரியக் கூடாது."

"வளையத்தைப் பார்த்தேன் ஐயா."

கத்தியை எடுத்து ஒரு பிரியை நீளவாக்கில் கீறினாள். மேல் சணல் உமி மாதிரி விலக, உள்ளேயிருந்து வெள்ளைத் திரி பொங்கிக்கொண்டு வந்தது. அதே கத்தியால் மெழுகுவர்த்தியின் தலையை வெட்டினாள். அங்கேயும் அதே திரி. இரண்டையும் சேர்த்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"தொட்டுப் பாருங்க. ரெண்டும் ஒரே நூல். மேல கஞ்சி போட்டிருந்தேன், அதனால முதல் வெள்ளி கொஞ்சம் உறைச்சிருக்கும். அப்புறம் உங்க வேர்வையில கரைஞ்சுபோச்சு. ஆண்டவர் உங்க மேல கை வைக்கல ஐயா. நான் வெச்சேன்."

வெளியே யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள். அவர் விரல்கள் திரியைத் தேய்த்துக்கொண்டே இருந்தன.

"ஏன்? ஏம்மா இப்படிச் செஞ்சே?"

"உங்களுக்கு வலிக்கக் கூடாதுன்னு. நாலு வருஷம் உப்புல ஊறவெச்சு முறுக்கினேன், நீங்க கொழுத்தீங்க. சரி, பட்டினி போடலாம்னு பார்த்தேன். பட்டினி போட்டா அற்புதம்னு வந்து நிக்கறீங்க." மேல்தட்டிலிருந்து மணிக்கயிற்றுச் சுருளை இறக்கி மேஜையில் போட்டாள். தூசி பறந்தது. "இந்தக் கட்டு ஞாபகம் இருக்கா? கோயில் படியில நீங்க போட்டது. இது சாட்டை வளையம், இதுவும் நீங்க போட்டது. மூணாவது தொழிலாளர் ஆபீஸ்ல இருக்கு, வால்வுல. மூணும் ஒரே கை. என் தம்பியை மன்னிச்சீங்களா? அவன் என்ன தப்பு செஞ்சான்? சொல்லுங்க, கேக்கறேன்."

இப்போது அவர் மூட்டைமேல் உட்கார்ந்தார். "அன்னைக்கு சாயம் முடிஞ்சாகணும்னு மேல இருந்து நெருக்கினாங்க" என்றார். பிறகு திடீரென்று சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார். "எனக்கு வேற ஒண்ணு முறுக்கிக் குடு. கம்பி வெச்சு, முள்ளு வெச்சு. இல்லன்னா நீயே அடி. இந்தா, நீயே அடிம்மா. எவ்வளவு வேணும்னாலும் அடி!"

முதுகைத் திருப்பிக்கொண்டு மண்டியிட்டார். வெளுத்த முதுகு. நாலு வருடத்துத் தழும்புகள் வரிசை வரிசையாக இருந்தன. அத்தனையும் அவள் போட்ட முடிச்சுகள். கொக்கியில் நாலாம் எண் சாட்டை தொங்கியது, நல்ல கெட்டிச் சணல். அவள் கை அதன் பிடிவரை போனது. எடுத்தாள். ஒரு மூச்சு நேரம் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிறகு கொக்கியிலேயே மாட்டினாள்.

"சட்டையைப் போடுங்க. உங்க முதுகு எனக்கு எதுக்கு? அதைத்தான் வருஷா வருஷம் எல்லாருக்கும் குடுக்கறீங்களே. எனக்கு வேண்டியது வாய்."

"என்ன சொல்றே?"

"நாளைக்கு சாட்சி சொல்லப் போறீங்கல்ல? அங்க சொல்லுங்க. கயிறு கட்டினது யாருன்னு. சொல்லலன்னா நான் முன்வரிசையில உட்கார்ந்திருப்பேன். எழுந்து இந்த ஒன்பதாம் எண்ணைக் கீறிக் காட்டுவேன். உங்க அற்புதம் எத்தனை முழம் திரிநூல்னு எல்லாரும் பார்க்கட்டும்."

"மானம் போயிடும்மா."

"என் தம்பி மானம் போய் பத்தொன்பது வருஷம் ஆச்சு. செத்தவன் வந்து திருப்பிக் கேக்க முடியாதுன்னு உங்களுக்குத் தைரியம். நான் கேக்கறேன்."

அவர் பொத்தானைத் தவறான துளையில் போட்டுக்கொண்டிருந்தார். "சொல்லிட்டா மன்னிப்பியா?"

"மாட்டேன்."

"அப்புறம் எதுக்குச் சொல்லணும்?"

"அதுக்குத்தான். பதிலுக்கு ஒண்ணுமே கிடைக்காம, ஒரே ஒரு தடவை உண்மையைச் சொல்லிப் பாருங்க. வலிக்குதா இல்லையான்னு அப்ப தெரியும்."

ஞாயிறு பூசைக்கு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கூட்டம். பக்கவாட்டுக் கதவுகளையும் திறந்துவிட்டிருந்தார்கள். ரொட்டிக்கடைக்காரி இடது பக்கம் மூன்றாம் வரிசையில் இருந்தாள். முடிச்சக்கா முன்வரிசையில், மடியில் ஒரு துணிப்பை. மெழுகுவர்த்திக்காரி முண்டியடித்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "பையில என்னக்கா?" "நோயாளிக்கு மருந்து."

சூப்பர்வைசர் ஒலிபெருக்கி முன் வந்து நின்றார். ஒரு இரவில் பத்து வயது கூடியது மாதிரி இருந்தார். "நான் ஒரு பெரும் பாவி" என்றார். கூட்டம் உச்சுக்கொட்டியது. "என்னைவிடக் கேடுகெட்டவன் இந்த உலகத்துல இல்ல. நான் புழு. நான் தூசி." சில பெண்கள் அழத் தொடங்கினார்கள். அவர் குரல் கொஞ்சம் நிமிர்ந்தது. கூட்டத்தின் அழுகை அவரைத் தூக்கிவிடுகிறது என்று முடிச்சக்காவுக்குத் தெரிந்துபோனது. இதுவும் ஒரு சாட்டைதான். இதிலும் அவர் லேசாகிவிடுவார்.

பையைத் திறந்து ஒன்பதாம் எண்ணை எடுத்து மடியில் விரித்தாள். கீறிய பிரியிலிருந்து வெள்ளைத் திரி முழங்கால்வரை தொங்கியது.

அவர் பார்த்தார். பேச்சு நின்றது.

"சொல்லுங்க ஐயா" என்றாள் முடிச்சக்கா. அதிராத குரல், முதல் நாலு வரிசைக்குக் கேட்டது. "புழுவெல்லாம் வேண்டாம். புழு கயிறு கட்டாது."

பங்குச் சாமியார் எழுந்தார். "இதை உள்ள போய்ப் பேசிக்கலாமே" என்றார்.

"இங்கேயே பேசட்டும் பாதர். வேலைக்காரங்க அத்தனை பேரையும் கூட்டி வெச்சுத்தான் என் தம்பியைக் குடிகாரன்னு சொன்னாங்க."

சாமியார் சூப்பர்வைசரை ஒரு முறை பார்த்தார். பிறகு, வெகுநாளாக எதற்கோ காத்திருந்தவர் போல உட்கார்ந்துவிட்டார்.

"பட்டறையில வால்வைக் கட்டினது நான்" என்றார் சூப்பர்வைசர். ஒலிபெருக்கி கரகரத்தது. "சாக்குக் கட்டற சணல்கயிறு. அந்தப் பையன் வேணாம் சார், வெடிச்சிடும்னான். நான் அவனை நகரச் சொல்லிட்டுக் கட்டினேன். அவன் குடிக்கல. குடிச்சான்னு நான்தான் சொன்னேன். எனக்கு அற்புதம் எதுவும் நடக்கல. அது திரிநூல்."

யாரும் அழவில்லை. உச்சுக்கொட்டவில்லை. பின்வரிசையில் காய்ச்சல் குழந்தையைத் தூக்கிவந்த ஒருத்தி எழுந்து வெளியே போனாள். அவர் இன்னும் எதையோ எதிர்பார்த்து நின்றார். ஒரு கை, ஒரு குரல், ஏதாவது. முடிச்சக்கா சாட்டையைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டாள். முகம் இளகவில்லை. பத்தொன்பது வருடத்தில் அந்தக் காலையில்தான் அவளுக்குப் பசித்தது.

திங்கட்கிழமை அவர் தொழிலாளர் அலுவலகத்துக்கு நடந்துபோனார். பத்தடி பின்னால் அவளும் நடந்தாள். அவர் நின்றபோது நின்றாள். படியேறியபோது ஏறினாள். எழுத்தர் அவளைப் பார்த்ததும் "மறுபடியும் முடிச்சா?" என்று ஆரம்பித்தார். "இந்தத் தடவை முடிச்சு நடந்து வந்திருக்கு சார். எழுதிக்குங்க" என்றாள். அவர் வாக்குமூலம் ஏறியதும் பழைய விசாரணையை மறுபடி திறந்தார்கள்.

ஐந்தாம் வெள்ளிக்கு முன்பு சபைச் செயலர் கயிற்று அறைக்கு வந்தார். சூப்பர்வைசர் சபையைவிட்டுப் போகவில்லை. அவருக்கு இன்னொரு சாட்டை வேண்டுமாம், அழுதுகொண்டே கேட்டாராம். சபையின் சாட்டை இந்த அறையிலிருந்துதான் போக வேண்டும் என்பது விதி.

"முறுக்க மாட்டேன்" என்றாள் முடிச்சக்கா. "இந்த வருஷமும் இல்ல, எந்த வருஷமும் இல்ல. வெறுங்கையோட நிக்கச் சொல்லுங்க." அந்த வெள்ளி பதினாறு சாட்டைகள் போயின. சுவரில் காதை வைக்காமல் அவள் மணிக்கயிறு முறுக்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ரொட்டிக்கடைக்காரி கயிற்று அறை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, கொக்கிகளையும் சக்கரத்தையும் பார்த்தாள்.

"விசாரணை எத்தனை மணிக்கு?" என்றாள்.

"பத்து மணிக்கு."

"நானும் வரேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

விசாரணை அடுத்த மாதம் பதினொன்றாம் தேதி. பொருள் அறையிலிருந்து வால்வைக் கயிற்றோடு கொண்டுவந்து மேஜைமேல் வைக்க உத்தரவாகியிருக்கிறது. மணிக்கயிற்றுச் சுருளையும் எடுத்துவரச் சொல்லியிருக்கிறார்கள். முடிச்சக்கா ஒரு நாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். மருமகள் முந்தின நாள் பேருந்தில் வருகிறாள்.